பதினொரு மாத அலமாரி

மூன்றாவது முறையும் ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை. அதன் இரும்புக் கால் நடையிலிருந்த அலமாரியின் முனையில் முட்டி நின்றது. வெறும் ஸ்ட்ரெச்சர்தான், அப்பா இன்னும் உள்ளறைக் கட்டிலில்தான் கிடந்தார். அமரர் ஊர்தியோடு வந்த வண்டிக்காரர் பின்வாங்கி, நடையை ஏற இறங்கப் பார்த்தார்.

"இந்த மூலையில திரும்பாதும்மா. ரெண்டடிதான் இருக்கு. அப்பா நல்ல உயரம் வேற. விடியக்காலையிலேயே போயிட்டாருங்கறீங்க, உடம்பு விறைச்சுப்போச்சு. மடக்க முடியாது. நிக்க வெச்சுத்தான் எடுக்கணும்."

"நிக்க வெச்சா?" என்றாள் அம்மா, உள்ளேயிருந்து.

"போர்வையில சுத்திக் கட்டி, நேரா நிமித்தி... பீரோ எடுக்கற மாதிரிதான். ரெண்டு நிமிஷ வேலை."

மகள் அலமாரியில் கை வைத்தபடி நின்றாள். தரையிலிருந்து கூரை வரை ஒரே உயரம், ஒன்றரை அடி ஆழம், வழவழவென்று மெருகு. அப்பா அதை அடிப்பதற்கு முன் எல்லாவற்றையும் அளந்தார். பீரோ போகுமா, கட்டிலைக் கழற்றினால் போகுமா, ஃபிரிட்ஜ் போகுமா என்று நாடாவோடு நடையில் நாலு நாள் அலைந்தார். ஒரு மனிதன் படுத்தபடி அந்த மூலையில் திரும்ப வேண்டியிருக்கும் என்பதை மட்டும் அளக்கவில்லை.

அவர் தச்சர். முப்பது வருடத்தில் ஒன்பது வாடகை வீடுகள், எல்லாமே பதினொரு மாத ஒப்பந்தம். ஒவ்வொன்றிலும் எதையாவது செய்து வைத்துவிட்டுத்தான் வெளியேறினார். ஒரு வீட்டில் பரண், ஒரு வீட்டில் குளியலறைக் கதவு, ஒரு வீட்டில் சமையல் மேடைக்கு அடியில் இழுப்பறைகள். வீடு அழகானதும் ஓனர்களுக்கெல்லாம் திடீரென்று கல்யாண வயதில் ஒரு மகன் முளைத்துவிடுவான், அவனுக்கு வீடு தேவைப்படும். காலி செய்த மாதமே இன்னொருவர் கூடுதல் வாடகைக்குக் குடி வந்திருப்பார்.

"ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையேன்னு சொல்லுவாங்க. உங்கப்பா தலைகீழ். நம்ம வீட்டு நெய், ஊரான் வீட்டுச் சுவரு" என்பாள் அம்மா. ஸ்க்ரூ போட்டுச் செய்தால் கழற்றியாவது எடுத்துப் போகலாமே என்று கெஞ்சியும் பார்த்தாள். ஆடுகிற வேலை தன் வேலை இல்லை என்பார் அவர். பசை ஊற்றி, ஓரமெல்லாம் சிமெண்ட் வைத்துப் பூசினால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

"பதினொரு மாசம்னா என்னடி? அதுவும் என் ஆயுசுல பதினொரு மாசம்தானே?"

அதற்கு அடுக்களையில் அம்மாவின் பாத்திரங்கள்தான் பதில் சொல்லும்.

இந்த அலமாரி மூன்று மாதத்துக்கு முன் வந்தது. அதற்குச் சற்று முன்புதான் டாக்டர் அப்பாவின் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்துவிட்டு, உடனே ஒரு பரிசோதனை செய்யச் சொல்லியிருந்தார். மகள் மருந்துக்கடையில் இரண்டு மாதம் கூடுதல் நேரம் நின்று ஏற்கெனவே சேர்த்து வைத்திருந்த பணத்தைக் கவரில் போட்டுக் கொடுத்தாள். கூட வருகிறேன் என்றதற்கு, நான் என்ன சின்னப் பிள்ளையா என்று தனியாகப் போனார். சாயங்காலம் சிரித்துக்கொண்டே திரும்பினார்.

"ஒண்ணும் இல்லையாம். வெறும் வாயுவாம்."

மறுநாள் பலகைகள் வந்து இறங்கின. ஒரு பங்களா வேலையில் மிஞ்சியது, சும்மா கொடுத்தார்கள் என்றார். அலமாரிக்கு மெருகு காய்ந்த கையோடு ஓனர் வந்து பார்த்தார், தட்டிப் பார்த்தார், பாராட்டினார். அடுத்த வாரமே ஒரு கெடு வைத்துக் காலி செய்யச் சொல்லிவிட்டார். இன்று அந்தக் கெடு முடிய இன்னும் இருபது நாள் இருந்தது.

மாடியிலிருந்து ஓனர் இறங்கி வந்தார். முகத்தைத் துக்கத்துக்கு ஏற்றபடி வைத்திருந்தார்.

"நல்ல மனுஷன். ஒரு ஆணி அடிக்கறதா இருந்தாக்கூட என்னைக் கேட்டுட்டுத்தான் அடிப்பாரு." கண் அலமாரிக்குப் போனது. வண்டிக்காரர் கையில், மகள் எடுத்துக் கொடுத்திருந்த அப்பாவின் கடப்பாரையைப் பார்த்ததும் குரல் மாறியது. "ஏம்மா, அதுல கை வெச்சிடாதீங்க. சுவத்தோட பொருத்தினது எதையும் எடுக்கக் கூடாதுன்னு அக்ரிமெண்ட்லயே இருக்கு. நாளைக்குக் காலையில வீடு பாக்க வர்றாங்க. இதைச் சொல்லித்தான் வாடகையே பேசி வெச்சிருக்கேன்."

"அவரைப் படுக்க வெச்சு எடுக்கணும் சார்" என்றாள் மகள்.

"புரியுதும்மா. ஆனா போனவருக்கு நின்னா என்ன, படுத்தா என்ன?"

உள்ளறை வாசலில் அம்மா வந்து நின்றாள். ஓனரை அவள் பார்க்கவே இல்லை.

"அறுத்துடுடி."

"அட்வான்ஸ்ல கழிக்க வேண்டி வரும், அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது" என்றார் ஓனர்.

"கழிச்சுக்கங்க. அவரு ஆயுசையே கழிச்சாச்சு."

கட்டிலுக்கு அடியிலிருந்த அப்பாவின் பையிலிருந்து மகள் ரம்பத்தை எடுத்தாள். சிறு வயதில் அப்பாவுக்குப் பலகை பிடித்துப் பழகிய கை அது. முனைப் பலகையில் பல்லை வைத்து இழுத்தாள். நல்ல வேலைக்காரர் செய்தது எளிதில் பிரியாது. அரை மணி நேரம் அவளும் வண்டிக்காரரும் மாற்றி மாற்றி அறுத்து, கடப்பாரை கொடுத்து நெம்பிய பிறகே முனைப் பகுதி சுவரின் காரையையும் பிடுங்கிக்கொண்டு சாய்ந்தது.

அறுபட்ட ஓரங்களைப் பார்த்ததுமே அவளுக்கு ஏதோ உறுத்தியது. மிஞ்சின பலகை துண்டு துண்டாகத்தான் வரும், கனத்துக்கு ஒன்று, நிறத்துக்கு ஒன்று. இது எல்லாமே ஒரே பலகை, முழுசு, முதல் தரம். சுவரைப் பார்த்திருந்த மெருகிடாத பக்கத்தில் கடைச் சீட்டு ஒட்டியபடியே இருந்தது. அதில் அப்பாவின் கையெழுத்து, தேதி. அவர் பரிசோதனைக்கென்று கவரோடு போய் வந்த அதே தேதி.

"பாவி" என்றாள், வாய்க்குள். "பாவி மனுஷா." அவரை எழுப்பி உட்கார வைத்துச் சண்டை போட வேண்டும் போலிருந்தது. கவரைக் கையில் கொடுத்த தன்னையும் அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

"என்னடி அது?" என்றாள் அம்மா.

"ஒண்ணும் இல்லம்மா." சீட்டைக் கிழியாமல் உரித்து உள்ளங்கையில் மடித்துக்கொண்டாள்.

அப்பா படுத்தபடியே வெளியே போனார். மூலையில் ஸ்ட்ரெச்சர் இரண்டு விரல் இடைவெளியில் திரும்பியது.

மறுநாள் காலை மகள் கண் விழித்தபோது நடையில் சுரண்டுகிற சத்தம் கேட்டது. அம்மா ஸ்டூல் மேல் நின்றிருந்தாள். அப்பாவின் பையிலிருந்த பட்டி மாவைப் பழைய கிண்ணத்தில் குழைத்து, காரை பெயர்ந்த இடத்தில் அப்பிக்கொண்டிருந்தாள். அறுத்த ஓரத்தை அதற்குள் உப்புத்தாளால் தேய்த்து முடித்திருந்தாள்.

"என்னம்மா பண்றே? இன்னும் பத்தொன்பது நாள்தான் இங்க. எதுக்கு இந்த வெட்டி வேலை?"

"பாக்க வர்றாங்கல்ல."

"வந்தா வரட்டுமே. ஓனர் பாடு."

அம்மா தகட்டால் மாவை மேலிருந்து கீழே ஒரே இழுப்பில் இழுத்தாள். எங்கே பார்த்துக் கற்றாளோ, இழுப்பு அப்பாவுடையது போலவே இருந்தது.

"உங்கப்பா வேலையே இப்படித்தான்னு நினைச்சுக்குவாங்கடி."

மகள் இன்னொரு தகட்டை எடுத்து வந்து, கீழ்ப் பக்கம் சுவரில் ஆழமாகக் கிடந்த பொந்தின் முன்னால் உட்கார்ந்தாள். அம்மா மேலே பார்த்துக்கொண்டிருந்தபோது மடித்த சீட்டை அதற்குள் விரலால் தள்ளினாள். மாவை அள்ளி வைத்து, சுவரோடு சுவராகும்வரை தேய்த்தாள்.