பன்னிரண்டு மடங்கு

நோரீன் பைனாகுலரைக் கண்ணில் வைப்பாள், அது நடுங்கும், இறக்கி மடியில் வைப்பாள். விடிந்ததிலிருந்து இதே கதைதான். பக்கத்தில் நின்ற அவள் புருஷன் டெஸ் ஒவ்வொரு தடவையும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஊர்க் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் பண்ணையின் கடலோரத்தில், உப்பு மண்ணில் வளரும் புதருக்குள் ஒரே ஒரு ஆரஞ்சு வயிற்றுக் கிளி மேய்ந்துகொண்டிருந்தது. குளிர்காலத்துக்கு டாஸ்மேனியாத் தீவிலிருந்து கடல் தாண்டி இந்தக் கரைக்கு வருகிற ஜாதி. இன்னும் மிச்சமிருப்பதே கொஞ்சம். நோரீன் வருஷக்கணக்காக அலைந்தும் கண்ணில் பட்டதில்லை. கைநடுக்கமோ கூடிக்கொண்டே போனது. அடுத்த குளிருக்கு அவளால் டீக் கோப்பையைக்கூடப் பிடிக்க முடியாது என்பது டெஸ்ஸுக்குத் தெரியும்.

"தெரியுதா?"

"பச்சையா ஏதோ குதிக்குது. கிளி குதிக்குதா, என் கை குதிக்குதா, யாருக்குத் தெரியும்."

அந்தக் கனத்த பைனாகுலரை அவர்களுக்கு விற்றவன் பறவைச் சங்கத் தலைவன் ரஸ்ஸல். அவனே வைத்திருந்து பழசானது. பன்னிரண்டு மடங்கு பெரிதாகக் காட்டும், இறகை எண்ணலாம் என்றான். வேலிக்கம்பியைக்கூட இழுத்துப் பார்த்து வாங்குகிற டெஸ், இதை மட்டும் நம்பி வாங்கிவிட்டான்.

இப்போது சங்கத்து ஆட்களோடு பக்கத்தில் நின்ற ரஸ்ஸல் கழுத்தில் சின்னதாக ஒரு பைனாகுலர் தொங்கியது.

"யோவ், அது எத்தனை மடங்கு?"

"எட்டு. மெதுவாப் பேசுங்க டெஸ், கிளி பறந்துரும்."

"நீ மட்டும் ஏன் எட்டு?"

ரஸ்ஸல் புதரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "பன்னிரண்டு ஆடும். கிளியைப் பெரிசாக் காட்டுறப்போ கை ஆட்டத்தையும் பெரிசாக் காட்டும். தெரியிற இடமும் குறுகிப்போகும். கழுத்து வலி வேற."

"உன் கைக்கே ஆடினதைத்தான் இவ தலையில கட்டினியா?"

"நீங்கதானே பெரிசா கேட்டீங்க."

"இவ கையைப் பார்த்தியா இல்லையா நீ?"

பறவை எதிரே இருக்கும்போது அடுத்தவன் பைனாகுலரைக் கேட்பது அந்தக் கூட்டத்தில் பல் துலக்கும் பிரஷைக் கேட்பதுபோல. டெஸ் கேட்கவில்லை. ரஸ்ஸல் கழுத்து வாரைப் பிடித்துத் தூக்கி, எட்டு மடங்கை நோரீன் கழுத்தில் மாட்டினான். ரஸ்ஸலின் தொப்பி சேற்றில் விழுந்தது. சுற்றி நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

நோரீன் மூக்குக்கண்ணாடி போட்டிருந்ததால் கண்வைக்கும் ரப்பர் வளையத்தைத் திருகி உள்ளே தள்ளினாள். முழங்கை இரண்டையும் விலாவில் ஒட்டி வைத்துக்கொண்டு பார்த்தாள். கை நடுங்கத்தான் செய்தது. ஆனாலும் அவள் இறக்கவில்லை.

டெஸ் மூச்சை அடக்கி நின்றான்.

"டெஸ்."

"என்ன?"

"வயித்துல ஆரஞ்சு தெரியுது. இனிமே நீ எவ்வளவு வேணா கத்து."

அந்தச் சந்தோஷத்திலும் டெஸ்ஸுக்கு ரஸ்ஸல்மேல் கோபம்தான் வந்தது. நோரீன் மடியில் கிடந்த பன்னிரண்டு மடங்கை எடுத்து அவன் நெஞ்சில் அழுத்தினான்.

"இந்தா, உன் சரக்கு. இறகை எண்ணு."

"அப்போ என்னோடது?"

"அவ கழுத்துல கிடக்கு. அவகிட்டயே கேளு."

"நோரீன்?" என்றான் ரஸ்ஸல்.

"முடியாது," என்றாள் அவள், கண்ணை எடுக்காமல்.