ஓடும் வண்டியில் கழற்றிய வயர்

கழுத்தில் தொடங்கிய வலி அவன் இடுப்பில் வந்து ஆணியடித்த மாதிரி நின்றுவிட்டது. சரக்கு வேன் ஓட்டுகிறவன்தான். லோடு ஆள் வராததால் காலையிலிருந்து அவனே மூட்டைக்கு முதுகு கொடுத்திருந்தான்.

"நின்னுக்கிட்டே இருக்கீங்களே, அந்த ஸ்டூல்ல உக்காருங்க" என்றார் ஒயர்க்காரர். வண்டிகளுக்கு எலக்ட்ரிக் வேலை பார்க்கிறவருக்கு அந்த வட்டாரத்தில் அதுதான் பேர்.

"பரவால்லண்ணே."

உட்கார்ந்தால் அவர் முகத்தை நேருக்கு நேர் பார்க்க வேண்டும்.

பட்டறை நடுவில் அவன் தங்கை புருஷனின் வாடகைக் கார் பானெட்டைத் திறந்துபோட்டு நின்றது. அது ஓடினால்தான் தங்கை வீட்டில் அடுப்பெரியும். போன வாரம்தான் ஒயர்க்காரர் அதன் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைப் பிரித்துச் சரி பண்ணியிருந்தார்.

"பண்ணி எத்தன நாளாச்சு?" மாப்பிள்ளை எகிறினான். "காலையில ஸ்டார்ட்டே ஆகல. மச்சான்தான் வேன்லேர்ந்து கரண்ட் குடுத்து எடுத்துவிட்டாரு. கொஞ்ச தூரத்துல பேட்டரி லைட் எரியுது. பாலத்து மேல போய்ப் படுத்துருச்சு. சவாரி வந்த அம்மா நடுரோட்டுல வச்சு என் மானத்த வாங்கிட்டுப் போறாங்க."

ஒயர்க்காரர் வேறு பேட்டரி வைத்து எஞ்சினை ஓடவிட்டு மீட்டரைப் பிடித்தார்.

"பதினாலு வோல்ட் காட்டணும். பன்னெண்டுலயே நிக்குது. பெல்ட்டும் நல்லாத்தான் இருக்கு. உள்ள என்னமோ போயிருக்கு."

ஆல்டர்னேட்டரைக் கழற்றிப் பிரித்ததும் கருகல் வாடை அடித்தது. கரண்ட்டைத் திருத்தி பேட்டரிக்கு அனுப்பும் டயோடு தட்டு வெந்திருந்தது. அவர் நிமிர்ந்தார்.

"வண்டி ஓடும்போது யாராச்சும் பேட்டரி வயரக் கழட்டினீங்களா? கழட்டினா இது இப்படித்தான் வெந்துபோகும்."

அவனுக்கு இடுப்பு வலி மறந்துபோனது.

கழற்றியவன் அவன்தான். மாப்பிள்ளை காரின் உள்விளக்கை அணைக்காமல் விட்டதில்தான் பேட்டரி இறங்கியிருந்தது. கார் ஸ்டார்ட் ஆனதும் கரண்ட் கொடுத்த கேபிளை எடுத்துக்கொண்டு பேசாமல் போயிருக்கலாம். பழைய லாரிகளில் கிளீனராக இருந்தபோது பழகிய கை சும்மா இருக்கவில்லை. எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைப் பிடுங்கு. நிற்காமல் ஓடினால் ஆல்டர்னேட்டர் நல்லது. பிடுங்கினான். எஞ்சின் ஒருமுறை திணறி, ஓடியது. மாட்டிவிட்டு பானெட்டை அறைந்து சாத்தினான். சீட்டில் உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளைக்கு, தூக்கி நின்ற பானெட் எதையும் காட்டவில்லை.

"ஆல்டர்னேட்டர் கல்லு மாதிரி இருக்கு மாப்ள. கண்ண மூடிட்டு ஓட்டு."

"கண்ண மூடிட்டு ஓட்டினா உங்க தங்கச்சிக்கு நீங்கதான் மச்சான் சோறு போடணும்" என்று சிரித்துவிட்டுப் போனான் மாப்பிள்ளை.

இப்போது அந்தச் சிரிப்பெல்லாம் இல்லை.

"நாங்க எதுக்குக் கழட்டப்போறோம்? மச்சான் வண்டியிலயே பொறந்து வளர்ந்தவரு. அவரு பக்கத்துல நிக்கும்போது அப்படி நடக்குமா? ஒங்க தப்ப எங்க தலையில கட்டாதீங்க. எங்க ஸ்டாண்டு வண்டி ஒண்ணுகூட இனி இந்தப் பக்கம் வராது, பாத்துக்குங்க."

ஒயர்க்காரர் வேன்காரனைப் பார்த்தார். அவன் வாயைத் திறந்தான்.

"டீ சொல்லட்டுமாண்ணே?"

அதுதான் வந்தது.

"வேணாம்" என்றார் ஒயர்க்காரர். கருகிய தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப என் கைத்தப்பாத்தான் இருக்கும். ஒயர ஒழுங்கா முறுக்காம விட்டிருப்பேன்."

வேறு யார் வண்டிக்கோ வாங்கி வைத்திருந்த புதுத் தட்டை அலமாரியிலிருந்து எடுத்து மாட்டினார். அதற்குக் காசு எதுவும் கேட்கவில்லை. மீட்டர் பதினாலைத் தொட்டது. மாப்பிள்ளை வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான்.

சாயங்காலம் ஸ்டாண்டு வழியாக வேனைக் கொண்டுபோனபோது, மாப்பிள்ளை அங்கே நாலு டிரைவர்களை நிறுத்தி ஒயர்க்காரரைக் கிழித்துக்கொண்டிருந்தான். வேனைப் பார்த்ததும் கை காட்டினான்: "வேணும்னா மச்சானக் கேளுங்க!"

அவன் ஹாரனை ஒருமுறை அடித்துவிட்டு நிறுத்தாமல் போனான்.

பட்டறை அடுத்த திருப்பத்தில்தான். அங்கேயும் நிறுத்தவில்லை. ஒயர்க்காரருக்கு அவன் ஒரு டயோடு தட்டு தரவேண்டும். நான்தான் கழட்டினேன் என்று அந்த ஸ்டாண்டில் எல்லார் முன்னாலும் சொல்லவேண்டும். இரண்டும் பாக்கி.