நாத்தனாரின் பி.பி. பட்டை

ஆஸ்பத்திரியின் மூன்றாம் அறையைத் துடைக்கிறவளை ஏனோதானோவென்று பெருக்கிவிட்டுப் போகிறவள் என்று நினைத்துவிடாதீர்கள். கட்டில் சக்கரத்தின் இடுக்கில் பல் தேய்க்கும் பிரஷ்ஷை விட்டுச் சுரண்டுகிற ரகம். அப்பேர்ப்பட்டவளின் அறையில்தான் எந்த மருந்துக்கும் மசியாத ஒரு பூஞ்சை குடியேறி, இரண்டு நோயாளிகளின் ரத்தத்தில் ஏறிவிட்டது. அவர்கள் பிழைத்ததே பெரும்பாடு.

"ரெண்டு தடவை சோதிச்சும் உங்க அறையில பூஞ்சை இருக்கு. மூணாவது தடவையும் இருந்தா வேலைக்கு வர வேண்டாம்," என்று சொல்லிவிட்டார் கண்காணிப்பாளர்.

அந்த வார்டின் தலைமை நர்ஸ் வேறு யாருமில்லை, அவள் நாத்தனாரேதான். இந்த வேலையை வாங்கிக் கொடுத்த புண்ணியவதி; அதை நாள் தவறாமல் சொல்லிக் காட்டுகிறவளும்கூட. "என் மானத்த வாங்காத. ஒழுங்காத் துடை!"

அவளுக்கு வந்ததே கோபம்! மூன்றாவது சோதனையன்று காலையிலேயே அறையைத் துடைத்து முடித்து, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். எந்தப் பொருளையும் துடைக்காமல் உள்ளே விடவில்லை. பெரிய டாக்டரின் பேனாகூடத் தப்பவில்லை.

அப்போதுதான் நாத்தனார், ரத்த அழுத்தம் பார்க்கக் கையில் சுற்றும் பி.பி. பட்டையோடு வந்தாள். வார்டில் கொடுத்த பட்டைகள் ஒட்டாமல் பிரிந்துகொள்கின்றன என்று, தன் பழைய துணிப் பட்டையைத் தனியாக டிராயரில் பூட்டி வைத்திருந்தாள்.

"குடுங்க அண்ணி, துடைக்கணும்."

"இது என்னோடது. எட்டு வருஷமா வச்சிருக்கேன். இதுல என்ன இருக்கப்போவுது?"

"எட்டு வருஷத்துல எத்தன தடவ துடைச்சிருப்பீங்க?"

நாத்தனார் பட்டையை அவள் மடியில் போட்டாள்.

அவள் அதைத் துடைக்காமல், சோதனைக்கு வந்தவர்களிடம் அப்படியே கொடுத்துவிட்டாள். சில நாளில் முடிவு வந்தது: அறை சுத்தம், பட்டை முழுக்கப் பூஞ்சை.

"யாரோட பட்டை இது?" என்றார் கண்காணிப்பாளர்.

வருஷக்கணக்காகக் காத்திருந்த சந்தர்ப்பம். ஆனாலும் பாழாய்ப்போன மனசு, நாத்தனாரைக் காட்டிக்கொடுக்க விடவில்லை.

"என்னோடதுதான் சார்," என்றாள் நாத்தனார். "அந்த ரெண்டு பேருக்கும் நான்தான் பூஞ்சையக் கொண்டுபோய்க் குடுத்திருக்கேன். இவ மேல ஒரு தப்பும் இல்ல." சொல்லும்போதே அழுதுவிட்டாள். இவளுக்கும் கண் கலங்கியது.

மறுநாள் காலை, மூன்றாம் அறை வாசலில் நாத்தனார் வந்து நின்றாள். கையில் புதுப் பட்டை.

"இந்தா, துடைச்சுக் குடு."

துடைத்துக் கொடுத்தாள். நாத்தனார் வாங்கிக்கொண்டு உள்ளே போகாமல் அப்படியே நின்றாள்.

"இன்னொரு தடவ துடைச்சுடேன்மா."

நாத்தனார் ‘துடை’ என்று சொல்லி அவளுக்குக் கோபம் வராதது அன்றைக்குத்தான்.