சேமியாவுக்கு வந்த மாப்பிள்ளை

1

ஒரு பறவையின் கால்விரலில் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தபோது இந்தக் கதை தொடங்கியது. ஒரு கையில் துண்டில் சுற்றிய பறவை, இன்னொரு கையில் பஞ்சு. எழுதக் கையில்லாததால் முதல் பத்து வரிகளை மனத்துக்குள்ளேயே எழுதினேன். பத்தும் வசவு. அவற்றை நீக்கியபின் மிஞ்சியதைத்தான் நீங்கள் வாசிக்கிறீர்கள். ஒன்றிரண்டு தப்பியிருக்கலாம்.

2

முதல் தொடக்கம்: "அந்தக் குளிர்காலத்தில், துறைமுக நகரத்தின்மேல் சாம்பல் நிற வானம்—"

(நிறுத்திவிட்டேன். இது நான் வாசிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களின் வானம். காயல்பட்டினத்தில் குளிர்காலம் என்றால் மின்விசிறியை ஒரு புள்ளி குறைப்பது.)

இரண்டாம் தொடக்கம்: "கூண்டுக்குள்ளிருந்து அவள் விடுதலையை—"

(இதுவும் இல்லை. அந்த நாவல்களில் ஒரு பறவை வந்தால் அது வேறெதையோ குறிக்கும். சேமியா எதையும் குறிப்பதில்லை. அவள் ஒரு காக்டீல், சின்னக் கிளி வகை. சாம்பல் உடம்பு, வெளிர்மஞ்சள் கொண்டை, கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு. தினை தின்பாள். என் கம்மலைக் கடிப்பாள்.)

மூன்றாம் தொடக்கம், வெறும் தகவல்: சேமியா எங்கள் வீட்டுக்கு வந்து நான்கு வருடம். என் தோளில்தான் வளர்ந்தாள். இந்த ஜனவரியில் தூத்துக்குடி துறைமுகத்தருகே ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. காலை எட்டு மணி பஸ்ஸில் போனால் இரவு ஏழுக்குத்தான் வீடு. அந்தப் பதினொரு மணி நேரமும் சேமியா கத்தினாள். மார்ச்சில் தன் நெஞ்சு இறகுகளைத் தானே பிடுங்க ஆரம்பித்தாள்.

துபாயில் இருக்கும் முஸம்மில் காக்கா, என் அண்ணன், நான்கு நிமிட போன் பேச்சில் தீர்வு சொல்லிவிட்டார். "ஜோடி வாங்கிப் போடுங்க. சரியாப் போயிரும்."

3

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். எங்கள் ஊரில் கல்யாணமான பெண் வீட்டைவிட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். கல்லூரியில் தோழிகள் இதைக் கேட்டுப் பொறாமைப்பட்டபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த வழக்கத்தை ஒரு காக்டீலின் கூண்டுக்குப் பொருத்துவார்கள் என்று நான் நினைக்கவில்லை.

ஒரு பறவைக்குத் துணை சேர்ப்பதைப் பற்றி வாசித்து, உம்மாவிடம் தெளிவாகச் சொல்லியிருந்தேன். புதியவன் முப்பது நாள் வேறு அறையில் இருக்க வேண்டும், நோய் இருந்தால் தெரியும். பிறகு கூண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். அதன்பிறகு இரண்டுக்கும் சொந்தமில்லாத ஓர் இடத்தில் சந்திக்கவிடலாம்.

"முப்பது நாளு தனி ரூமுலயா?" என்றார் உம்மா. "மாப்பிள்ளையக் கூட்டிட்டு வந்து யாராவது பூட்டி வைப்பாஹளா?"

"அது மாப்பிள்ளை இல்ல உம்மா. பறவை."

"ஆம்பளப் பறவைதானே?"

பக்கத்து வீட்டு மாமி என் பட்டியலின் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டார். "யாருக்கும் சொந்தமில்லாத எடத்துல ரெண்டு பேரும் பாக்கணுமாம். ஏளா, அதுக்குப் பேரு பார்க்கு. நம்ம வீட்டுப் பொண்ணு அங்கனல்லாம் போவாளா?"

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். (இந்த வரியை மூன்று முறை அழித்தேன். ஆனால் சிரித்தது உண்மை.)

4

மாப்பிள்ளை வந்தது ஒரு புதன்கிழமை. நான் அலுவலகத்தில் ஒரு கன்டெய்னரின் எண்ணைத் தட்டிக்கொண்டிருந்தேன். அதனால் இந்தப் பகுதியை, காக்கா துபாயிலிருந்து வீடியோ காலில் பார்த்துப் பதிவுசெய்து அனுப்பியதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

தட்டில் பேரீச்சம்பழம் இருக்கிறது. உம்மா பிஸ்மில்லாஹ் சொல்லி, அட்டைப்பெட்டியைக் கூண்டின் வாசலோடு சேர்த்துப் பிடிக்கிறார். புதியவன் உள்ளே நடக்கிறான். நான்கு விநாடி அமைதி. மாமி மாஷா அல்லாஹ் என்கிறார். ஐந்தாவது விநாடியில் படம் ஆடுகிறது, இறகு பறக்கிறது. "பொண்ணு கெட்டிக்காரிதான்" என்று காக்கா சிரிக்கிறார்.

நான் வீடு திரும்பியபோது புதியவன் கூண்டின் மூலையில், கீழே, ஒற்றைக் காலில் நின்றான். மற்றக் காலின் ஒரு விரலில் நகம் இல்லை. விரித்திருந்த செய்தித்தாளில் ரத்தம். தீனிக் கிண்ணம் மேலே, சேமியாவின் கம்பருகே. அவன் அன்று முழுக்க ஒன்றும் சாப்பிடவில்லை.

"மாப்பிள்ளைக்கு வெக்கம்" என்றார் மாமி. "காலையிலேர்ந்து அப்படியே நிக்கிறாரு."

எட்டு மணி நேரம் ரத்தம் கசிய நின்ற ஓர் உயிரை, வெட்கப்படுகிறது என்று நினைத்திருக்கிறார்கள். இதை என்ன உவமை போட்டு எழுதுவது? நான் வாசித்த எந்த நாவலிலும் இதற்கு ஒரு வரி கிடைக்கவில்லை.

5

மறுநாள் கால்நடை மருத்துவர் விரலுக்கு மருந்து போட்டு, அவனை என் அறையில் தனியாக வைக்கச் சொன்னார். "இன்னையிலேர்ந்து முப்பது நாள்." நான் சொன்ன அதே முப்பது.

அவனை விற்ற பறவைக் கடை இசக்கிராஜா போனில் ஆறுதல் சொன்னார். "ஒரு நாள் முட்டிக்கிடும், மறுநாள் ஒட்டிக்கிடும் தங்கச்சி. ஒட்டலையா, சொல்லுங்க. நானே வந்து எடுத்துட்டு வேற ஒண்ணு தாரேன்."

"காயம்பட்டதை என்ன செய்வீங்க?"

"பெரிய கூண்டுல மத்ததோட போட்டுருவேன். பொழச்சுக்கிடும்."

நகமில்லாத ஒருவன், முப்பது பறவைகள் அடித்துக்கொள்ளும் கூண்டில். பிழைத்துக்கொள்ளுமாம். காக்காவுக்கு இந்த யோசனை மிகவும் பிடித்துவிட்டது.

6

ஒரு பாத்திரத்துக்கு என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. இதுவரை எழுதியதை உம்மா வாசித்துவிட்டார்.

"என்னைய வில்லியாக்கிட்டே."

"நடந்ததத்தான் எழுதியிருக்கேன்."

"நடந்ததுல பாதி. அது கத்துனத நீ எத்தன நாளு கேட்டே? நீ பஸ்ஸுல ஏறிருவே. சாயந்தரம் அசருக்குப் பொறவு அது வாசலப் பாத்துக்கிட்டே ஒரு கத்து கத்தும் பாரு. நான் சோத்த வச்சுட்டு எந்திச்சுருவேன்."

உம்மாவே தொடர்ந்தார்.

"வாப்பா இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையா வந்து இருபத்தெட்டு வருசம். மொத்தமா இங்கன இருந்தது மூணு வருசம் வருமா? மிச்சமெல்லாம் சவுதி. வீடு என் வீடுதான். யாரு இல்லன்னு சொன்னா? அதுல ஒத்தையில இருந்து பாத்தவ நான். அதான் அதுக்கு ஒரு துணை கெடைக்கட்டுமேண்டு அவசரப்பட்டேன்."

(இங்கே என் கோபம் இறங்க வேண்டும். கதை அப்படித்தான் கேட்கிறது. பாதி இறங்கியது. மிச்சப் பாதி நகமில்லாத விரலின்மேல் அப்படியே நிற்கிறது. தனிமை தெரிந்தவருக்கு ரத்தம் தெரியாதா?)

7

முடிவுகள்.

அ. பத்தொன்பது நாள் கழித்து இரண்டும் ஒரே கம்பில்— (இருவரையும் ஒரே வாக்கியத்தில் விடுவதற்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. யாரும் அவசரப்படுத்த வேண்டாம்.)

ஆ. அவன் இறந்துபோகிறான், நான் கடற்கரையில்— (நான் வாசிக்கும் நாவல்கள் இதைத்தான் தேர்ந்தெடுக்கும். அவை நாசமாகப் போகட்டும். நேற்று அவன் என் கையிலிருந்து தினை தின்றான்.)

இ. இசக்கிராஜா வருகிறார்.

மூன்றாவதை நான் கற்பனை செய்யவில்லை. காக்கா துபாயிலிருந்து ஏற்பாடு செய்துவிட்டார். நாளை, திங்கட்கிழமை, பதினொரு மணி. இன்று பதினோராம் நாள்.

அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துப் போகலாம் என்று நினைத்தேன். அவனுக்கு மதியம் மருந்தும் தண்ணீரும் வைக்க வேண்டும். சாவியை உம்மாவிடம்தான் கொடுக்க வேண்டும்.

"அனுப்பிராதீங்க உம்மா."

"பாப்போம்" என்றார்.

8

இந்தக் கதையில் எது நடந்தாலும் நான் அலுவலகத்தில்தான் இருக்கிறேன். நாளையும் அப்படித்தான். புதிதாகச் சேர்ந்தவளுக்குப் பறவைக்காக விடுப்பு கிடையாது, கேட்டுப் பார்த்துவிட்டேன். அதனால் முடிவை எழுத என்னால் ஆகாது.

நீங்கள் வீட்டில் இருப்பீர்கள். உங்களுக்கு எந்த பஸ்ஸும் இல்லை. பதினொரு மணிக்கு அழைப்புமணி அடிக்கும். இசக்கிராஜா வாசலில் அட்டைப்பெட்டியோடு நிற்பார், அதற்குள் இன்னொரு மாப்பிள்ளை. காக்காவின் முகம் போனில் தெரியும். உம்மா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் நிற்பார், அதுவரை எனக்குத் தெரியும். பிறகு உங்கள் பக்கம் திரும்பி, "நீங்க என்ன சொல்லுதிய?" என்று கேட்பார்.

யோசித்துச் சொல்லுங்கள். இந்த வீட்டில் இதுவரை என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.