இரண்டு வீட்டுச் சளி

விநாசித்தம்பி அரசாங்கத்தில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். பெண் பார்க்கப் போன இடத்திலும் சுற்றறிக்கை வாசிப்பதுபோலத்தான் பேசினார்.

பெண் பார்ப்பது என்பது ஊருக்காக. அவர் மகன் ஸ்ரீஸ்கந்தராஜாவும் தவமணியும் இரண்டு வருடமாகத் தீவிலிருந்து காலை ஃபெரியில் ஒன்றாகப் பட்டர்வொர்த் கரைக்குப் போகிறவர்கள். அவனுக்கு அங்கே ஆபீஸ். அவள் அதற்கும் அப்பால் கெப்பாலா பத்தாஸில் டீச்சர். ஒரே ஒரு விஷயத்தைத் தவிர எல்லாம் பேசியாகிவிட்டது.

அந்த ஒன்று, தவமணியின் அம்மா சாமிப் படத்துக்குச் சாம்பிராணி போட்டதும் வெளியே வந்தது. காப்பித் தட்டை வைத்த தவமணி மூச்சை இழுக்க ஆரம்பித்தாள். நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்தியது.

"சளி," என்றார் அவள் தகப்பனார் நாகநாதன். முன்னாள் தலைமையாசிரியர். "நேற்று மழையில நனைஞ்சிட்டாள்."

"நான் ஆஸ்துமாவெண்டு பயந்திட்டன்," என்றார் விநாசித்தம்பி. "அது குளிர் தேசத்து வியாதி. இந்த நாட்டில லட்சத்தில ஒருத்தனுக்கு இருந்தாப் பெரிசு. எங்கட ஆக்களுக்கு இல்லவே இல்லை லா!"

"எங்கட பரம்பரையிலயே இல்லை," என்று நாகநாதன் வழிமொழிந்தார்.

புள்ளிவிவரம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் பல வீடுகளில் இப்படி ஒரு சளி இருந்தது. அதன் சரியான பெயரைச் சொல்லத்தான் ஆள் இல்லை.

தவமணியைப் படுக்கச் சொன்னார்கள். ஸ்ரீஸ்கந்தராஜா எழுந்துவிட்டான்.

"படுக்காத, தவம். மூச்சு முட்டும். முன்னால சாய்ஞ்சு உட்காரு." பையிலிருந்து மருந்துப் பம்பை எடுத்து நீட்டினான். "வெட்கப்படாத. எனக்கும் ஆஸ்துமாதான். சின்ன வயசிலேருந்து."

அவள் பம்பை வாயில் வைத்து இழுத்தாள். மூச்சு வந்தது, கூடவே சிரிப்பும். "லூசு, ஃபெரியிலேயே சொல்லியிருக்கலாமே?"

"நீயும்தான் சொல்லல."

விநாசித்தம்பி கூரையைப் பார்த்தார். நாகநாதன் எழுந்து கைகூப்பினார்.

"அண்ணே, மன்னிக்கோணும். எங்கட பிள்ளைக்குச் சளி. உங்கட பொடியனுக்கு வியாதி. தெரிஞ்சுகொண்டு எப்படிக் குடுக்கிறது?"

"அப்பா, எனக்கும்..."

"நீ வாயை மூடு. உனக்குச் சளி!"

லட்சத்தில் ஒருவன் தன் வீட்டிலேயே இருக்கிறான் என்று ஆனபின் விநாசித்தம்பியால் வாதாட முடியவில்லை. காப்பி ஆறியது.

தவமணி ஒரு வருடம் பிடிவாதம் பிடித்துப் பார்த்தாள். பிறகு ஈப்போவில் ஒரு கணக்காளருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். பெண்ணுக்கு ஒன்றும் இல்லை என்றார்கள் இவர்கள். பையனுக்கும் இல்லை என்றார்கள் அவர்கள். இரண்டு பக்கமும் நம்பிக்கொண்டன.

ஸ்ரீஸ்கந்தராஜா இன்னும் அதே ஃபெரியில்தான் போகிறான். அன்று பேசாமல் இருந்திருந்தால் கல்யாணம் நடந்திருக்கும். அது அவனுக்கு நன்றாகத் தெரியும். மூச்சுக்குத் தவிப்பவளைப் பார்த்துக்கொண்டு எப்படிப் பேசாமல் இருப்பது என்பதுதான் இன்றுவரை தெரியவில்லை.