வலப்பக்கமே வந்த பந்துகள்

ஹெக்டர் அடித்த பந்துகள் எல்லாம் வலப்பக்கமாகவே வந்துகொண்டிருந்தன. ஆட்டம் தொடங்க இன்னும் நேரம் இருந்தது. டபியூக் நகரத்து ரசிகர்கள் ஒரு கையில் பீரும் மறு கையில் சாசேஜ் வைத்த ரொட்டியுமாகத் தங்கள் இருக்கைகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். மிசிசிப்பி ஆற்றுக் காற்று மைதானத்து மூலைக்கொடிகளைப் படபடக்க வைத்தது. கோல் கம்பங்களுக்கு நடுவே நின்ற வெஸ்லி கிராண்டல் வலப்பக்கம் பாய்ந்து பிடித்தான், எழுந்தான், மறுபடியும் வலப்பக்கமே பாய்ந்தான். இடப்பக்கம் வரவேண்டிய பந்து வரவேயில்லை. ஒன்றே ஒன்று வந்தது. அதுவும் குழந்தைக்கு உருட்டிவிடுவதுபோல் தரையோடு தரையாக வந்தது. போன வாரமும் இப்படித்தான் என்பது வெஸ்லிக்கு நினைவு வந்தது. அதற்கு முந்தைய வாரமும் இப்படித்தான் இருந்ததோ என்று யோசித்தான். 

கோல்கீப்பர் என்பவனே ஒரு சந்தேகப் பிராணிதான். முன்னால் நிற்கும் சொந்த அணிக்காரனை நம்பமாட்டான். மழை பெய்திருந்தால் தரையை நம்பமாட்டான். எதிராளி கண்ணால் ஒரு பக்கம் பார்த்தால் பந்து மறுபக்கம் வரும் என்று காத்திருப்பான். அதைச் செய்துதானே சம்பளம் வாங்குகிறான். ஆனால் வெஸ்லிக்கு இந்தக் குணம் மைதானத்தோடு நிற்கவில்லை, வீடு வரைக்கும் கூடவே வந்துவிட்டது. கல்லூரியில் ஆடிக்கொண்டிருந்தவனைப் பெரிய லீக் அணி ஒன்று எடுத்துக்கொண்டபோது அவனுடைய ஊரே கொண்டாடியது. எடுத்தவர்கள் அவனை வருடக்கணக்கில் மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். கோல்கீப்பரின் பெஞ்ச் மற்றவர்களின் பெஞ்ச் போன்றதல்ல. மற்றவர்களை ஆட்டம் களைகட்டும்போது உள்ளே இறக்குவார்கள். கோல்கீப்பர் இறங்க வேண்டுமென்றால் உள்ளே இருப்பவனுக்கு ஏதாவது ஆகவேண்டும். ஒரு மனிதன் நொண்டுகிறானா, தோளைத் தடவுகிறானா என்று பார்த்துக்கொண்டே இளமையைக் கழித்தவன் வெஸ்லி. அந்தப் பார்வை எப்படி இருக்கும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிறகு ஊர் ஊராக, சின்னச் சின்ன அணிகள். கடைசியில் இந்த அயோவா மாநிலத்து ஆற்றங்கரை நகரத்தின் இரண்டாம் நிலை அணியில்தான் முதல் கோல்கீப்பர் என்ற இடம் அவனுக்கு வாய்த்தது. கடையில் மாமிசம் வெட்டுகிறவர் அவனைப் பார்த்தால் கத்தியை உயர்த்தி வணக்கம் சொல்வார். சர்ச்சில் பாதிரியார் கை குலுக்கும்போது விரல்களை மெதுவாகப் பிடிப்பார். முப்பத்தைந்து வயதில் கிடைத்த இந்த மரியாதையை இழக்க அவனுக்கு மனமில்லை. இந்தப் பருவத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. ஒரு முறை இடத்தை விட்டுக்கொடுத்தால் மறுபடி யாரும் கூப்பிட மாட்டார்கள் என்பது அவனுக்கு நன்றாகவே தெரியும்.

அதனால்தான் பிப்ரவரியில் உறைந்த தரையில் விழுந்து இடது மணிக்கட்டில் ஏதோ மளுக்கென்றபோது அவன் வாயைத் திறக்கவில்லை. பக்கத்து நகரத்து மருத்துவர் ஒருவர், கட்டைவிரலுக்குக் கீழே சின்ன எலும்பு ஒன்றில் விரிசல், திருகாணி போட்டு மாதக்கணக்கில் ஓய்வெடுக்க வேண்டும் என்றார். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டான். கையுறைக்கு உள்ளே இறுக்கமாகப் பட்டை சுற்றிக்கொண்டு ஆடினான். முதலில் உயிர் போனது. ஏப்ரல் வாக்கில் வலி குறைந்தது. மே மாதத்தில் பயிற்சியின்போது கை இருப்பதே மறந்துபோயிற்று. எலும்பு தானாகக் கூடிவிட்டது, இந்த மருத்துவர்களுக்கு எதற்கெடுத்தாலும் திருகாணிதான் என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்தான்.

ஆக, கை சரியாகிவிட்டது. அப்படியிருக்க இந்த ஹெக்டர் ஏன் இடப்பக்கம் அடிக்க மறுக்கிறான்?

ஹெக்டர் ஒலிவாஸ் அணியின் இரண்டாவது கோல்கீப்பர். கலிஃபோர்னியாவின் பழத்தோட்டப் பகுதியிலிருந்து வந்தவன், வெஸ்லியைவிடப் பதினோரு வயது இளையவன். ஆட்டத்துக்கு முன்னால் முதல் கீப்பரை இரண்டாமவன்தான் தயார்ப்படுத்த வேண்டும் என்பது எல்லா அணிகளிலும் உள்ள வழக்கம். தன் இடத்தில் நிற்கிறவனுக்கே பந்தடித்து, உடம்பில் சூடேற்றி, நன்றாக ஆடு என்று முதுகில் தட்டி அனுப்ப வேண்டும். தன் சோற்றில் தானே மண்ணள்ளிப் போடுகிற வேலை. அதை முகம் சுளிக்காமல் செய்கிறவனை வெஸ்லி இதுவரை பார்த்ததில்லை. ஹெக்டர் முகம் சுளிக்காததுதான் முதலில் உறுத்தியது. உடைமாற்றும் அறையில் எல்லோரும் வெஸ்லியை 'தாத்தா' என்று கூப்பிட்டுக் கலாய்ப்பார்கள். ஹெக்டர் மட்டும் 'சார்' என்பான். பயிற்சிகளில் அடிக்கிற இடத்தை வேறு யாருக்கும் விடாமல் ஓடிவந்து தானே நிற்பான். இவ்வளவு பணிவு எதற்கு?

விடை வெஸ்லிக்கு எளிதாகவே கிடைத்தது. சூடேறாத பக்கம் ஆட்டத்திலும் ஏறாது. வாரக்கணக்கில் ஒருவனுடைய இடப்பக்கத்தைத் தூங்கவிட்டால் ஏதாவது ஒரு சனிக்கிழமை அந்தப் பக்கம் அவனைக் கவிழ்த்துவிடும். யாரும் யாரையும் தொட வேண்டியதில்லை. வேலை சுத்தம்.

அன்றைய ஆட்டத்தில் இடப்பக்கம் வந்த ஒரே பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. ரசிகர்கள் கைதட்டினார்கள். வெஸ்லி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தான். ஹெக்டர் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தான்.

வீட்டில் டெனிஸ் ஊறுகாய் பாட்டிலை நீட்டினாள். பல் மருத்துவமனையில் வேலை பார்த்துவிட்டு வந்த களைப்பு அவள் முகத்தில் தெரிந்தது. வெஸ்லி பாட்டிலை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு வலது கையால் மூடியைத் திருகினான்.

"கை சரியாப் போச்சுன்னு சொன்ன?"

"சரியாத்தான் இருக்கு. இது பழக்கதோஷம்." அவன் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தான். "நீ இந்தக் கை விஷயத்த யார்கிட்டயாவது சொன்னியா? போன வாரம் கடையில ஹெக்டரோட பொண்டாட்டிய பாத்தேன்னு சொன்னியே."

"ஆமா, முலாம்பழம் நல்லாருக்கான்னு கேட்டா. உன் எலும்ப பத்திக் கேக்கல."

"சிரிக்காத டெனிஸ். அவன் என்னைக் கவுக்கப் பாக்குறான்."

"போன வருஷம் புல்லு வெட்டுறவர் கவுக்கப் பாத்தாரு. அதுக்கு முந்தி அந்தப் பஸ் டிரைவர்." அவள் தட்டில் ஊறுகாயை எடுத்து வைத்தாள். "அந்தப் பையன்கிட்டயே கேட்டுரேன். ஏண்டா இப்படி அடிக்கிறன்னு கேக்குறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

கேட்பதா! கேட்டால் நான் தெரிந்துகொண்டேன் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். மனைவிக்கு இந்தத் தொழிலின் சூட்சுமம் புரியாது என்று நினைத்துக்கொண்டு அவன் சாப்பிட்டான்.

ஆனாலும் செவ்வாய்க்கிழமைப் பயிற்சியில் ஒரு சோதனை வைத்துப் பார்த்தான்.

"ஹெக்டர், இடது பக்கம் அடி. நல்லா ஓங்கி."

ஹெக்டர் உடனே அடிக்கவில்லை. தள்ளி நின்று கொண்டிருந்த கோல்கீப்பர் பயிற்சியாளர் பிரெண்டன் டோகர்ட்டியை ஒரு கணம் பார்த்தான். பிரெண்டன் முதுகைக் காட்டிக்கொண்டு யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். பிறகுதான் அடித்தான். இடப்பக்கம்தான், ஆனால் உயிரில்லாத அடி. வெஸ்லி இரு கைகளாலும் அள்ளிக்கொண்டான்.

"ஓங்கின்னு சொன்னேன்."

"தொடை கொஞ்சம் பிடிச்சிருக்கு சார்."

வலப்பக்கம் அடிக்கும்போது பிடிக்காத தொடை! பயிற்சியாளரை அவன் பார்த்த பார்வையை வெஸ்லி மனதுக்குள் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தான். இருவரும் சேர்ந்துதான் செய்கிறார்களா? இல்லை, பிரெண்டன் அப்படிப்பட்டவர் அல்ல. அவரும் ஒரு காலத்தில் கீப்பராக இருந்து இரண்டு முழங்கால்களையும் தொலைத்தவர். அப்படியானால் அவர் பார்த்துவிடுவாரோ என்று பயந்துதான் பையன் திரும்பியிருக்கிறான். திருடன் போலீஸைப் பார்ப்பதுபோலப் பார்த்தானே! வெஸ்லிக்கு இப்போது எல்லாமே தெளிவாகிவிட்டது.

பயிற்சி முடிந்ததும் கார் நிறுத்துமிடத்தில் பிரெண்டனைப் பிடித்தான்.

"சனிக்கிழமை எனக்கு நீங்களே வார்ம்-அப் குடுங்க. ஹெக்டர் வேணாம்."

பிரெண்டன் கார்க் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றார். "என்ன பேசுறேன்னு தெரிஞ்சுதான் பேசுறியா? பத்து பேர் பாக்குற எடத்துல அவன் மூஞ்சில அறையுற மாதிரி அது."

"அவன் சரியா அடிக்க மாட்டேங்குறான்."

"சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்ல. எனக்கு நல்ல பந்து வேணும், அவ்வளவுதான்."

பிரெண்டன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "சரி. தாத்தா கேட்டு இல்லன்னு சொல்ல முடியுமா? ஆனா என் அடி பழைய காலத்து அடி, பாத்துக்க."

சனிக்கிழமை வெயில் நன்றாக அடித்தது. வெஸ்லி கையுறைகளைத் தண்ணீரில் நனைத்து, உள்ளங்கைகளை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டு கோலுக்கு நடுவே நின்றான். பிரெண்டன் பந்துகளை வரிசையாக வைத்தார். ஹெக்டர் ஓரமாகத் தனியே உட்கார்ந்து கால்களை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு யாரும் காரணம் சொல்லியிருக்கவில்லை. கடந்து போன ஆட்டக்காரர்கள் அவனையும் வெஸ்லியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார்கள். வெஸ்லிக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

முதல் பந்து வலப்பக்கம். பிடித்தான். இரண்டாவது இடப்பக்கம் வந்தது, நிஜமான பந்து, நிஜமான வேகம். கைக்குப் போனது, ஆனால் மணிக்கட்டு அதைத் தாங்கவில்லை, கதவு போலப் பின்பக்கம் மடங்கியது. பந்து வலைக்குள் போய் விழுந்தது. முழங்கை வரைக்கும் தீப்பிடித்ததுபோல் இருந்தது. வெயில் கண்ணில் பட்டுவிட்டதாகச் சைகை காட்டினான். அடுத்த இடப்பந்துக்குக் கை போகவேயில்லை. உடம்பு பாய்ந்தது, கை மட்டும் மார்போடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது.

பிரெண்டன் அடுத்த பந்தை அடிக்கவில்லை. மெதுவாக நடந்து வந்தார். "கையுறையக் கழட்டு."

"ஒண்ணுமில்ல, சும்மா..."

"கழட்டுடா."

அவர் கட்டைவிரலின் அடியில் ஒரே ஒரு முறை அழுத்தினார். வெஸ்லியின் வாயிலிருந்து வந்த சத்தம் முன்வரிசை ரசிகர்களுக்குக் கேட்டிருக்கும்.

"எப்போலருந்து?"

"பிப்ரவரி."

"பிப்ரவரியா! மடப்பயலே, இத வச்சுக்கிட்டு இத்தன நாள் ஆடி எலும்ப என்ன கதிக்கு ஆளாக்கியிருக்கியோ." அவர் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகமாக இருந்தது. "எப்படிடா எனக்குத் தெரியாமப் போச்சு? தினமும் பயிற்சியில இருக்கேனே." பிறகு திரும்பி உரக்கச் சொன்னார். "ஹெக்டர், கையுறையப் போடு. இன்னிக்கு நீ." அணிப் பட்டியலை மாற்றச் சொல்ல அவர் தலைமைப் பயிற்சியாளரை நோக்கி நொண்டி நொண்டி ஓடினார்.

எப்படித் தெரியாமல் போனது என்பது அப்போதுதான் வெஸ்லிக்கு உறைத்தது. கை ஆறவில்லை. ஒரு நாளும் ஆறவில்லை. வலிக்கிற பந்தை ஹெக்டர் அதற்கு அனுப்பவேயில்லை, ஆட்டத்தில் கம்பமும் அதிர்ஷ்டமும் பார்த்துக்கொண்டன, அவ்வளவுதான். வெட்கம் காதுவரை ஏறியது. ஹெக்டர் எழுந்து வந்தான். நடந்தபடியே கையுறைகளை மாட்டிக்கொண்டான்.

"உனக்குத் தெரியுமா?" என்றான் வெஸ்லி.

"தெரியும் சார்."

"எப்படி?"

"வலது கையுறைய எப்பவும் பல்லால இழுத்துத்தானே கழட்டுறீங்க."

"அப்புறம் ஏன் சொல்லல? அவர்கிட்ட சொல்லியிருந்தா மார்ச்லயே நீ ஆடியிருப்பியே."

ஹெக்டர் பட்டையை இறுக்கினான். "சொல்லியிருந்தா நீங்க என்னப் பத்தி என்ன நெனச்சிருப்பீங்க?"

 வெஸ்லிக்கு அழவேண்டும் போலிருந்தது, இவன் தோளில் கைபோட்டு மன்னிப்புக் கேட்கவேண்டும் போலிருந்தது. அதே நேரத்தில், வருடக்கணக்கில் பெஞ்சில் உட்கார்ந்து ஊறிப்போன அந்தப் பழைய மூளை வேறு ஒரு கணக்கையும் போட்டது. மார்ச்சில் சொல்லியிருந்தால் எலும்பு கூடியிருக்கும், இலையுதிர் காலத்தில் வெஸ்லி திரும்பி வந்திருப்பான். இப்போது வரமாட்டான். இவன் வாய் திறக்காதது அதற்காகத்தானோ? அப்படி நினைத்ததற்காகத் தன்மீதே அவனுக்கு அருவருப்பு வந்தது. ஆனால் நினைப்பு போகவில்லை.

பிரெண்டன் தூரத்திலிருந்து கத்தினார். "வெஸ், உனக்குக் கால் நல்லாத்தானே இருக்கு? அவனுக்கு அடி. நேரமில்ல."

வழக்கம் வழக்கம்தான். இன்றைக்கு முதல் கீப்பர் ஹெக்டர். தயார்ப்படுத்த வேண்டியவன் வெஸ்லி. அவன் இடது கையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, சிதறிக் கிடந்த பந்துகளில் ஒன்றைக் காலால் இழுத்துத் தரையில் நிறுத்தினான். நான்கு தப்படி பின்னால் போய் நிமிர்ந்தான். ஹெக்டர் கோலுக்கு நடுவே முழங்காலை மடக்கிக் கைகளை விரித்து நின்றான். பந்து வரும்போது எந்தக் கீப்பரும் பந்தைத்தான் பார்ப்பான். ஹெக்டர் பந்தைப் பார்க்கவில்லை. கண்ணிமைக்காமல் வெஸ்லியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.