மெத்தைப் பிரிவு

"ஆபரேஷன்னா கணுக்கால் எலும்பை ஸ்க்ரூ போட்டுப் பூட்டிடுவாங்களாம்" என்று நேற்று அவள் சொன்னபோது, கணவர் அவளுடைய வீங்கிய வலது பாதத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"பூட்டட்டும். சாவியை மட்டும் என்கிட்ட குடுக்கச் சொல்லு."

"விளையாடாதீங்க. மூணு மாசம் நிக்க முடியாதாம். கடையில பதினஞ்சு நாளுக்கு மேல என் வேலையை வச்சிருக்க மாட்டாங்க."

"மறுபடி ஊசி போட்டுப் பார்ப்பமா?"

"போன ஊசி ரெண்டு மாசம்கூடத் தாங்கல. கணுக்காலுக்குப் பட்டை போட்டாச்சு, பயிற்சியும் செஞ்சாச்சு. நிக்கிறதைக் குறைச்சா ஆபரேஷனைத் தள்ளிப் போடலாம்னு டாக்டர் சொல்றாரு."

"அதைச் சூப்பர்வைசர்கிட்ட கேளேன்."

"ஒன்பது வருஷமா கேட்கணும்னுதான் இருக்கேன்."

இன்றும் இதுவரை கேட்கவில்லை. காலை ஒன்பதரையிலிருந்து, கடையின் மெத்தைப் பிரிவில் காட்சிக்கு வைத்திருந்த கட்டிலின் விரிப்பை எத்தனை தடவை இழுத்துச் சரிசெய்தாளோ, கணக்கில்லை. வேலை நேரத்தில் ஊழியர்கள் உட்காரக் கூடாது. கூரையில் கேமரா இருந்தது.

"உட்காந்து பாருங்கம்மா, காசா பணமா?" என்றாள், வந்த அம்மாளிடம்.

அந்த அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். "அப்பாடா!" என்று இரண்டு கைகளாலும் மெத்தையை அமுக்கினார். "உனக்கென்னடியம்மா, நாள் பூரா மெத்தையோடவே இருக்கே. குடுத்து வச்சவ."

அவள் சிரித்தாள். பாரத்தை இடது காலுக்கு மாற்றிக்கொண்டாள். அந்த அம்மாள் விலையைக் கேட்டுவிட்டுப் போனபின், விரிப்பை மறுபடி இழுத்துவிட்டாள்.

மதியம் கூட்டமில்லை. சூப்பர்வைசர் வந்து கட்டிலில் உட்கார்ந்தார். பொருளைச் சோதிக்க அவருக்கு அனுமதி உண்டு. ஷூவிலிருந்து குதிகாலை மெல்ல வெளியே எடுத்துத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

"ஆபரேஷனாமே? பயப்படாதம்மா. என் மச்சானுக்கும் பண்ணாங்க. இப்ப ஓடுறான்."

"லீவு சார்?"

"பதினஞ்சு நாள். அதுக்கு மேல என் கையில இல்லம்மா, தப்பா நினைக்காத."

அவர் எழுந்தார். மெத்தையில் அவர் உட்கார்ந்த பள்ளம் மெதுவாக மேலே வந்தது. பழக்கத்தில் அவள் கை விரிப்பின் சுருக்கத்துக்குப் போனது. போய், அங்கேயே ஊன்றி நின்றுவிட்டது.

"சார்."

நாலடி போயிருந்தவர் திரும்பினார்.

"ஆளில்லாத நேரத்துல... நானும் கொஞ்சம் உட்காந்துக்கட்டுமா சார்?"